தந்தை செல்வாவுக்கு ஊரில் என்ன செய்வது: சிலையா, பேருரையா, படிப்புதவியா, றங்குப்பெட்டிக் கடதாசியா?

சிக்கல் வெளிநாட்டுக் காசோடுதான் தொடங்கும். "பத்து இலட்சம் சேர்த்திருக்கிறம். தந்தை செல்வாவின்ர பேரிலை ஊரிலை ஏதாவது செய்யுங்கோ" என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு குரல்பதிவு வரும். தந்தை செல்வா என்பது தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய எஸ். ஜே. வி. செல்வநாயகம். அன்றிரவே வாசிகசாலை விறாந்தையில் கூட்டம். தலைவர் சிலை என்பார். ஓய்வு பெற்ற அதிபர் ஆண்டுதோறும் ஒரு பேருரை என்பார். பெடியள் படிப்புதவி என்பார்கள். கடைசி வாங்கிலில் இருக்கும் ஒருவர், தன் தகப்பனின் றங்குப்பெட்டிக்குள் பழைய 'சுதந்திரன்' பத்திரிகைத் தாள்களும் துண்டுப்பிரசுரங்களும் கிடக்கின்றன, அதுகளை என்ன செய்யலாம் என்று கேட்பார். அவருக்கு ஒருவரும் மறுமொழி சொல்லமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளராக இப்படியான கூட்டத்தில் இரண்டு தடவை இருந்திருக்கிறேன். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் இதே கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப்போவதில்லை. ஆனால் மற்றப் பக்கங்களுக்கும் நியாயம் உண்டு.

எதை வைத்து அளப்பது

கூட்டத்தில் சண்டை வருவதற்கு முதற்காரணம், எல்லாரும் முடிவோடு வருகிறார்கள், அளவுகோலோடு ஒருவரும் வருவதில்லை. ஆகவே முதலில் இவற்றைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

ஐந்து வருடம் கழித்து அதை யார் கூட்டித் துடைப்பது? இன்று கைதட்டுகிறவர்களில் பாதிப்பேர் அன்றைக்கு ஊரில் இருக்கமாட்டார்கள்.

அழிந்தால் என்ன மிஞ்சும்? வேறு ஊர்களில் இது தேவையற்ற பயமாக இருக்கலாம். எங்களுக்கு அப்படியில்லை. 1981 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தபோது 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிந்தது, தமிழ்ப் பெரியார்களின் சிலைகளும் உடைந்தன. கல்லும் தப்பவில்லை, கடதாசியும் தப்பவில்லை. 1990 இல் போரால் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே வெளிக்கிட்டது. எது தப்பியது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு இடத்தில் பிரதி இருந்தது தப்பியது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதனால் என்ன தெரியவரும்? யாராவது ஒரு கட்சி அதை இழுத்துக்கொண்டு போக இடமுண்டா? இன்று செய்யாவிட்டால் பிறகு செய்ய முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானிப்பதே அதுதான்.

இன்னொன்று, அந்த மனிதருக்கு அது பொருந்துமா என்பது. அதற்கு அவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டும். பேரை மட்டும் தெரிந்துகொண்டு கல்வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் முதற் கூட்டத்தில் தயாரான பெயர்ப்பலகை வாசகத்தில் பிறந்த ஆண்டு 1889 என்று இருந்தது. மூன்று பேர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஒரு ஏ.எல். மாணவி கண்டுபிடித்தாள்.

யாரை நினைவுகூருகிறோம்

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 மார்ச் 31 இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். தகப்பன் பிழைப்புக்காக அங்கே போனவர். பிள்ளைகளின் படிப்புக்காகத் தாய் அவர்களைத் தெல்லிப்பழைக்குக் கூட்டிவந்தார். யூனியன் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி, கொழும்பில் பரி. தோமாவின் கல்லூரி என்று படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானப் பட்டத்தை இளவயதிலேயே எடுத்தார். கொஞ்சக்காலம் ஆசிரியர். பிறகு அப்புக்காத்து. சிவில் வழக்குகளில் பேரெடுத்து இராணி வழக்கறிஞரானவர். 1927 இல் தெல்லிப்பழை மணியகாரனின் மகள் எமிலி கிரேஸ் பார் குமாரகுலசிங்கத்தைக் கைப்பிடித்தார். நான்கு ஆண்பிள்ளைகள், ஒரு பெண்பிள்ளை.

அரசியலுக்கு வந்தது பிந்தித்தான். 1947 இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறையில் வென்றபோது வயது 49. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து, காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் மந்திரிசபைக்குப் போனதையும் ஏற்காமல் பிரிந்து, 1949 டிசம்பர் 18 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அடுத்த தேர்தலில், 1952 இல், சொந்தத் தொகுதியிலேயே எஸ். நடேசனிடம் தோற்றார். இந்தத் தோல்வியை நினைவுப் பலகைகள் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான் முதலில். 1956 இல் அதே சனம் அவரைத் திரும்ப அனுப்பியது.

பிறகு வந்தவை எல்லாருக்கும் தெரிந்தவை. 1956 ஜூன் 5 தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிரான காலிமுகத்திடல் சத்தியாக்கிரகம், 1957 ஜூலை 26 பிரதமர் பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம், 1958 ஏப்ரலில் அது கிழிக்கப்பட்டது, 1961 இல் கச்சேரி (மாவட்ட அரச பணிமனை) வாசல்களில் மறியல், 1965 இல் டட்லி சேனநாயக்காவோடு இன்னொரு ஒப்பந்தம், அதுவும் நிறைவேறாமற் போனது. 1972 குடியரசு யாப்பை எதிர்த்துப் பதவி துறந்து 'இடைத்தேர்தல் வையுங்கள், சனத்தைக் கேட்போம்' என்றார். அரசு இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில் வைத்தது. பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார். 1976 மே 14 தனித் தமிழீழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 ஏப்ரல் 26 மறைவு.

ஒரு சிறு குறிப்பு, சிலைப் பகுதிக்கு உதவும்: அவர் முழங்கிப் பேசுகிறவரல்லர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல், பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய். பின்வாங்கில்காரருக்கு அவர் பேச்சுக் கேட்டிருக்காது. ஆனாலும் கூட்டம் கலையவில்லை.

சிலை

சிலைக்காரரை நான் இலேசாகத் தள்ளிவிடமாட்டேன். இருபது வருடத்துக்கு மேல் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த ஊர்கள் எங்களுடையவை. திரும்பி வந்தபோது மதிலும் இல்லை, மரமும் இல்லை, சந்தி எது ஒழுங்கை எது என்று தெரியவில்லை. அப்படியான இடத்தில் 'இது எங்கட சந்தி' என்று ஒரு அடையாளம் நாட்ட விரும்புவது வீண் ஆடம்பரமில்லை.

ஆனால் செலவுக் கணக்கைச் சரியாகப் போடுங்கள். சிலையின் விலை ஒரு பகுதிதான். பீடம், சுற்றுவேலி, கூரை அல்லது குடை, மின்விளக்கு, அதன் மாதக் கட்டணம், வருடம் ஒருதடவை பெயின்ற். திறப்புவிழாவுக்கு மேளம், மாலை, பொன்னாடை, நோட்டீஸ், மதியச் சாப்பாடு. விழாச் செலவு சிலைச் செலவைத் தொட்ட ஊரை எனக்குத் தெரியும். சீமெந்துச் சிலை மலிவு, ஆனால் உள்ளிரும்பு கறள்பிடித்தால் வெடிக்கும். எங்கள் கரையோர உப்புக்காற்றில் அது வேகமாக நடக்கும். வெண்கலம் நிலைக்கும், விலையைக் கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடும்.

காணி அடுத்த தலையிடி. வீதியோரம் என்றால் பிரதேச சபையும், பெரிய றோட்டு என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் சம்மதிக்க வேண்டும். றோட்டு அகலிக்கும் நாளில் முதலில் நகர்த்தப்படுவது சிலைதான். கோயில் வீதியில் வைக்கலாமென்றால், அவர் கிறிஸ்தவர், விளக்கேற்றுவதா செபம் சொல்வதா என்று ஒரு புதுப் பேச்சு முளைக்கும். பாடசாலை என்றால் வலயக் கல்விப் பணிமனை. அரும்பாடுபட்டு எல்லாம் முடிந்தாலும் பலகையில் யார் பெயர் முதலில் என்று கடைசிச் சண்டை. கொடையாளரின் எழுத்து தலைவரின் எழுத்தைவிடப் பெரிதாக இருக்கும் பலகைகளை எங்கள் பக்கத்தில் தேடித் திரியத் தேவையில்லை.

இன்னொன்று, உருவம். வார்க்கிறவரிடம் விட்டால் தடித்த தோளும் உயர்த்திய கையுமாக ஒரு பொது அரசியல்வாதி வருவார். செல்வா அப்படி நின்றவரல்லர். குடும்பத்தாரிடமிருந்து இரண்டு மூன்று பக்கங்களில் எடுத்த நல்ல படங்களை வாங்காமல் மண்ணில் கை வைக்க விடாதீர்கள். களிமண் நிலையிலேயே அவரை நேரில் கண்ட முதியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

சிலை சரியான தெரிவு எப்போது? மீள்குடியேறிய ஊராக இருந்து, சொந்தக் காணியில் வைக்க முடிந்து, கூட்டித் துடைக்க ஒரு கடைக்காரரோ பாடசாலையோ பக்கத்தில் இருந்தால். யாழ் நகரில் பொது நூலகத்துக்கு அருகே அவருடைய நினைவுத்தூபி ஏற்கெனவே நிற்கிறது. நகரத்துக்குள் இன்னொன்று வேண்டியதில்லை. ஊரில் வைக்கவே வேண்டுமென்றால் உருவத்துக்குப் பதிலாக ஒரு கருங்கல், அதில் பத்து வரி வாழ்க்கைக் குறிப்பு. 1952 தோல்வியையும் சேர்த்து. காகம் எச்சமிட்டாலும் அவமானமில்லை.

நினைவுப் பேருரை

மலிவு. மண்டபம் இருக்கிறது, மைக் இருக்கிறது, வடையும் தேநீரும் ஒரு கதிரைக்கணக்கு. ஏப்ரல் 26 வந்தால் மாலை போட்டு, ஒருவர் பேசி, நன்றியுரையோடு முடியும்.

இதன் மறைசெலவு காசில் இல்லை. பேச்சாளரைத் தெரிவதில் இருக்கிறது. முதல் வருடம் பேராசிரியர் வருவார். மூன்றாம் வருடம் பாராளுமன்ற உறுப்பினர் தானாகவே கேட்டு வருவார். தேர்தல் ஆண்டென்றால் பேருரை பிரசாரக் கூட்டமாகும். அடுத்த அணிக்காரர் அதற்கடுத்த வருடம் தனியாக இன்னொரு பேருரை வைப்பார். செல்வாவின் பேரில் ஒரே ஊரில் இரண்டு கூட்டம் நடந்தால் அவருக்கு அது என்ன மரியாதை? ஏப்ரல் வெயிலில் பிள்ளைகளும் இருக்கமாட்டார்கள். முன்வரிசையில் எங்களைப் போன்ற நரைத்தலைகள் பத்துப் பேர்.

எனக்குப் பிடித்த மாற்று ஒன்றுண்டு. பேருரையை விட்டுவிட்டு வாசிப்பு வட்டம் வையுங்கள். 1957 ஒப்பந்தம் நீளமான ஆவணமல்ல, ஒரு மாலையில் வரி வரியாக வாசித்து முடிக்கலாம். பிராந்திய சபைகளுக்கு (இன்றைய பிரதேச சபைகள் அல்ல, அந்த ஒப்பந்தம் அமைக்கச் சொன்னவை) விவசாயம், கூட்டுறவு, காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி என்று எவற்றைக் கொடுக்கச் சம்மதித்தார்கள், எவற்றைச் சொல்லாமல் விட்டார்கள் என்று ஏ.எல். மாணவர்கள் தாங்களே கோடிட்டுப் பார்க்கட்டும். பக்கத்தில் 1965 ஒப்பந்தத்தின் காணி வரிசை: முதலில் அந்த மாவட்டத்துக் காணியற்றோர், பிறகு வடக்குக் கிழக்கின் தமிழ்பேசும் மக்கள், பிறகு ஏனையோர், அதிலும் தமிழருக்கு முன்னுரிமை. மூன்றாவதாக, மாகாண சபைகளைக் கொண்டுவந்த 1987 இன் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம். மூன்றையும் மேசையில் வைத்தால் பேச்சாளர் தேவையில்லை. ஒரு பெடியன் எங்களைக் கேட்டான்: "சேர், 57 இல குடுக்கிறதெண்டு எழுதின காணி அதிகாரத்தைப் பற்றி இப்பவும் கதைக்கிறமே, அப்ப நடுவில என்ன நடந்தது?" எந்தப் பேருரையும் அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கவில்லை.

பேருரை பொருந்துவது நகரத்துக்கு, பழைய மாணவர் சங்கங்களுக்கு, பேச்சை அச்சிட்டு வெளியிட ஆளுள்ள இடத்துக்கு. அச்சில் வராத பேருரை வடையோடு முடிந்துவிடும்.

படிப்புதவி

கேட்டதும் எல்லாரும் தலையாட்டுவது இதற்குத்தான். ஆட்டுவதற்கு முன் ஒரு கணக்கு.

பத்து இலட்சத்தை நிலையான வைப்பில் போடுகிறோம், வட்டி 8 வீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 80,000. அதில் 10 வீதம் நிறுத்திவைப்பு வரி போனால் 72,000. இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் 3,000 வீதம் கொடுத்தால் மிச்சம் பூச்சியம். மாதம் 3,000 ரூபாவுக்கு இன்று எத்தனை பாடத்துக்கு ரியூஷன் போகலாம் என்பது பெற்றோருக்குத் தெரியும். வட்டி வீதமும் நிலையாக நிற்காது. 2022 நெருக்கடிக்குப் பிறகு 20 வீதத்துக்கு மேலே போனது, பிறகு பத்துக்கும் கீழே இறங்கியது. ஏறியபோது சந்தோசப்பட்டவர்கள், 2022 செப்டம்பரில் விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்ததை மறந்துவிட்டார்கள். முதல் அப்படியே இருக்கும், அதன் பெறுமதி கரைந்துகொண்டே போகும். ஆகவே நிதியை வெளிநாட்டில் வைத்து வருடாவருடம் அனுப்பச் சொல்லுங்கள், அல்லது முதலையும் சேர்த்துப் பத்து வருடத்தில் செலவழித்து முடிக்கும் திட்டமாகப் போடுங்கள். சாகாத நிதி என்ற ஆசை வேண்டாம்.

மறைசெலவு இன்னொன்று. யாருக்குக் கொடுப்பது என்று தெரிவுசெய்யும்போது, கிடைக்காத வீடுகளோடு பகை. தகப்பன் இல்லாத பிள்ளையை மேடையேற்றி, பெரிய காசோலை மாதிரி ஒரு மட்டையைப் பிடிக்கவைத்துப் படமெடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பும் வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். அந்தப் படம் அந்தப் பிள்ளையின் வகுப்புக்குள்ளும் போகும்.

இதை அவருடைய வாழ்க்கையோடு பொருத்த ஒரு வழி எனக்குத் தோன்றியது. செல்வநாயகம் எடுத்தது வெளிவாரிப் பட்டம். பல்கலைக்கழக அனுமதி வெட்டுப்புள்ளியில் ஒரு சொட்டில் தவறி, வேலைக்குப் போய்க்கொண்டே வெளிவாரியாகப் படிக்கிற பிள்ளைகள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர்! ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளைக்கு மாலை போட நாலு பேர் இருக்கிறார்கள். இவர்களைக் கண்டுகொள்ள ஒருவருமில்லை. பதிவுக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் ஒருதடவைச் செலவு, பற்றுச்சீட்டும் உண்டு. தெரிவில் சண்டை குறைவு. அவர் பேரில் செய்கிறோம் என்பதற்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

இந்த இடத்தில் முந்திய தலைமுறைத் தமிழ்த் தலைவர் சேர். பொன். இராமநாதனையும் நினைக்கவேண்டும். அவர் சிலைக்குக் காசு விட்டுப் போகவில்லை. 1913 இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கு இராமநாதன் கல்லூரி, 1921 இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி. முதலாவது அவர் பேரோடு இன்றும் இருக்கிறது. இரண்டாவதன் வளவில் 1974 இல் பல்கலைக்கழகம் வந்தது, கல்லூரியின் பேர் மறைந்தது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்த வளவில் நடக்கிறார்கள். பேர் போய்ப் பயன் நிற்பதா, பயன் போய்ப் பேர் நிற்பதா என்று வெளிநாட்டு நண்பர்களை நேரடியாகக் கேளுங்கள். பதிலைப் பொறுத்துத்தான் படிப்புதவி அவர்களுக்கு ஒத்துவருமா என்பது தெரியும்.

றங்குப்பெட்டியும் முதியவர்களின் நாவும்

இனி அந்தக் கடைசி வாங்கில்காரர்.

தமிழரசுக் கட்சி கொழும்பில் இருந்து நடந்த கட்சியல்ல. ஒழுங்கைக்கு ஒழுங்கை ஒருவர் இருந்தார்: கூட்டத்துக்கு வாங்கில் அடுக்கியவர், 'சுதந்திரன்' விற்றவர், மறியலுக்கு ஆள் சேர்த்தவர். 1947 இல் செல்வநாயகம் தொடங்கிய அந்தப் பத்திரிகையின் தாள்கள், தேர்தல் துண்டுப்பிரசுரங்கள், கூட்ட அறிவிப்புகள், கடிதங்கள் எல்லாம் அவர்களின் வீட்டுப் பெட்டிகளில் கிடந்தன. 1961 ஏப்ரலில் கட்சி நடத்திய தமிழரசுத் தபால் சேவையின் முத்திரை ஒன்று எங்காவது ஒரு கொப்பிக்குள் இருக்கலாம். இடப்பெயர்வில் சனம் காணி உறுதியையும் கலியாணப் படத்தையும்தான் தூக்கிக்கொண்டு ஓடியது. அப்படியிருந்தும் சில பெட்டிகள் தப்பியிருக்கின்றன. அவற்றைக் கறையான் தின்றுகொண்டிருக்கிறது.

இறந்தவரின் அந்தியேட்டிக்கு அச்சிடுகிற கல்வெட்டு என்ற நினைவு மலர்களையும் விடாதீர்கள். சமையல் குறிப்பும் தேவாரமும் நிறைந்த அந்தச் சிறு புத்தகங்களில்தான், 'அன்னார் தந்தை செல்வாவின் அழைப்பை ஏற்று 61 இல் சிறை சென்றவர்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும்.

நாவு கடதாசியைவிட அவசரம். 1961 பெப்ரவரி 20 இல் கச்சேரி வாசலில் குந்தியிருந்தவருக்கு அன்று இருபது வயதென்றால் இன்று எண்பத்தைந்து. சிலையைப் பத்து வருடம் கழித்தும் வைக்கலாம். படிப்புதவி அடுத்த தவணையில் தொடங்கலாம். இந்தப் பதிவை அடுத்த மாரி கழிய எடுப்போம் என்றால் கேட்கப் போகிற வாசலில் செத்தவீட்டு வாழை கட்டியிருக்கும்.

செலவு? ஸ்கானர் ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒரு நல்ல கைபேசி, வன்தட்டு இரண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு விடுமுறைக் காலச் சம்பளம். பத்து இலட்சத்தில் மூன்றுக்கு மேல் போகாது. காணி வேண்டாம், பொன்னாடை வேண்டாம். மறைசெலவு நேரமும் பொறுமையும். ஒரு பெட்டியைப் பிரித்து, துடைத்து, பட்டியலிட ஒரு கிழமை போகும். வீட்டுக்காரர் பெட்டியைக் கொடுக்கத் தயங்குவார். நியாயம்தான், கொடுத்துக் காணாமற்போன கதைகள் அவரிடம் இருக்கும். பெட்டியை எடுத்துப் போகாதீர்கள். ஸ்கானரை அவர் விறாந்தைக்குக் கொண்டுபோங்கள்.

பட்டறிவில் தெரிந்த சில:

- கறள்பிடித்த ஊசிகளையும் கிளிப்புகளையும் முதலில் கழற்றுங்கள். ஒட்டுநாடா ஒட்டவேண்டாம். லமினேற் செய்தால் கதை முடிந்தது, பிறகு பிரிக்கவே முடியாது.
- பொலித்தீன் பைக்குள் கட்டிவைத்தால் ஈரம் பிடிக்கும். மட்டைப்பெட்டி, நிலத்திலிருந்து உயரமாக, சுவரில் முட்டாமல்.
- ஸ்கான் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல். மூன்று பிரதி: ஒன்று ஊரில், ஒன்று வெளிநாட்டில் ஒரு வீட்டில், ஒன்று 2005 இலிருந்து இயங்கும் 'நூலகம்' எண்ணிம நூலகத்தில்.
- பதிப்புரிமையைப் பாருங்கள். இலங்கைச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டு. செல்வாவின் சொந்த எழுத்துகளை வெளியிடக் குடும்பத்தாரிடம் கேட்பது முறை. பேட்டி கொடுப்பவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.
- முத்திரை, அபூர்வப் படம் என்று கண்டால் வட்ஸ்அப்பில் போடவேண்டாம். அடுத்த நாளே வாங்க ஆள் வரும்.

கேள்வி கேட்கவும் ஒரு முறை உண்டு. "தந்தை செல்வாவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றால் பத்திரிகையில் வந்ததையே திருப்பிச் சொல்லுவார்கள். "மறியலுக்குப் போகேக்க பிள்ளையளை ஆரிட்டை விட்டனீங்கள் அம்மா? மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேளுங்கள். கதவு திறக்கும்.

இந்த வழி பொருந்தாத ஊரும் உண்டு. பெட்டிகளே இல்லாத, முதியவர்களும் போய்விட்ட, கணினி தெரிந்த இரண்டு பிள்ளைகளும் கிடையாத ஊரில் தொடங்கினால் வன்தட்டு ஒரு அலுமாரிக்குள் உறங்கும். அங்கே காசைப் படிப்புதவிக்கே விடுங்கள்.

நூல் வெளியீடு பற்றி

ஒரு பந்தி போதும். அவருடைய அரசியல் வாழ்க்கையை மகளின் கணவரான அரசறிவியலாளர் ஏ. ஜெயரட்னம் வில்சனே ஆங்கிலத்தில் விரிவாக எழுதிவிட்டார். நாங்கள் அவசரத்தில் போடுகிற 64 பக்க மலரில் வாழ்த்துச் செய்தி இருபது பக்கம், விளம்பரம் பத்துப் பக்கம். முன்னூறு பிரதியில் இருநூறு வாசிகசாலை மேல்தட்டில். ஊர்ப் பதிவுகள் சேர்ந்த பிறகு அவற்றிலிருந்து ஒரு நூல் வந்தால் அது வேறு கதை.

ஒரு பார்வையில்

| | காசு | பின்னாலே வரும் செலவு | அழிந்தால் | பிறகு செய்யப் பொறுக்குமா | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| சிலை | அதிகம் | பெயின்ற், விளக்கு, காணித் தகராறு | ஒன்றும் மிஞ்சாது | பொறுக்கும் | அடையாளம் இழந்து மீண்ட ஊர் |
| பேருரை | குறைவு | கட்சி இழுபறி | அச்சிட்டால் தப்பும் | பொறுக்கும் | நகரம், பழைய மாணவர் சங்கம் |
| படிப்புதவி | விரும்பிய அளவு | பணவீக்கம், தெரிவுச் சண்டை | படித்த பிள்ளை மிஞ்சும் | பொறுக்கும் | ஆண்டுதோறும் அனுப்ப ஆளுள்ள ஊர் |
| ஆவணமும் வாய்மொழியும் | நடுத்தரம் | நேரம், பொறுமை | பிரதி இருக்கும் | பொறுக்காது | பெட்டியும் முதியவரும் மிஞ்சிய ஊர் |

குடும்பத்தாரை எங்கே சேர்ப்பது

செல்வநாயகத்தின் குடும்பத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. கட்சித் தலைமை அவருடைய பிள்ளைகளுக்குப் போகவில்லை. அமிர்தலிங்கத்துக்குப் போனது. 1977 இல் காங்கேசன்துறைத் தொகுதியிலும் அவரே நின்று வென்றார். பொன்னம்பலத்தின் வழியில் மகன் குமார், பேரன் கஜேந்திரகுமார் என்று அரசியல் தொடர்ந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று சரி, மற்றது பிழை என்று நான் சொல்லவரவில்லை. செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984 இல் தமிழ்நாட்டில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். முகாம்களில் இருந்த எங்கள் சனத்துக்கு அது செய்த வேலையை அங்கிருந்து திரும்பியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தகப்பனின் தொகுதியை விட்டு, தகப்பனின் சனத்தை எடுத்துக்கொண்டதும் ஒரு வாரிசுரிமைதான்.

ஆகவே குடும்பத்தாரிடம் நாடா வெட்ட வரச்சொல்லிக் கேட்கவேண்டாம், காசும் கேட்கவேண்டாம். படங்களைச் சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள், எழுத்துகளுக்கு அனுமதி கேளுங்கள், பலகை வாசகத்தை ஒருதடவை வாசிக்கச் சொல்லுங்கள். 1889 போன்ற கூத்துகள் நடவாது.

எங்கள் நிலையத்தில் கடைசியாக எடுத்த முடிவு: மூன்று இலட்சம் பதிவுக்கு, ஐந்து இலட்சம் வெளிவாரிப் பிள்ளைகளின் கட்டணத்துக்குப் பத்து வருடத்தில் செலவழித்து முடிக்க, மிச்சம் இரண்டு இலட்சம் இப்போதைக்கு வங்கியில். சிலை வேண்டும் என்ற தலைவர் கோபித்துக்கொண்டு இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாவதற்கு ஒரு பழைய 'சுதந்திரன்' கட்டோடு வந்தார். அவருடைய மாமியாரும் மறியலுக்குப் போனவராம், நாற்பது வருடமாக ஒரே பெட்டிக்கு மேலேதான் கோழி அடைகாத்ததாம்.

வரும் ஞாயிறு அங்கே போகிறோம். தொலைபேசியில் கேட்டபோது மாமியார் ஒரு நிபந்தனைதான் போட்டார்: "பத்து மணிக்கு முன்னம் வாங்கோ தம்பி. பேந்து எனக்கு நித்திரை வந்திடும்."